கோவா அல்ல, மிஸ் தெரஷ்கோவா

எங்கள் குடியேற்றத்தில் ஏச்சு வாங்காமல் பிறந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. மருத்துவிச்சி அம்மா முதலில் தகப்பனை ஏசுவார், பிறகு தாயை, கடைசியாக, வரத் தாமதித்ததற்காகப் பிள்ளையை. பிள்ளை வீரிட்டு அழும். அழுதால்தான் நல்லது என்பார்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் இளம் கிளாக்கர். காடும் குளமும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்களும் தவிர அங்கே வேறு அதிகம் இல்லை. மருத்துவிச்சி அம்மா தனிக்கட்டை. வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளக்கட்டால் சைக்கிளில் பறப்பார். அந்தச் சைக்கிளுக்கு பிரேக்கும் இல்லை, மணியும் இல்லை. இரண்டுக்கும் பதிலாக "விலத்துங்கோ" என்ற ஒரு சொல் இருந்தது. மாடுகளுக்குக்கூட அது பழகியிருந்தது.

ரஷ்யப் பெண் ஒருத்தி விண்வெளிக்குப் போய் வந்த செய்தியைத் தேத்தண்ணிக் கடை காதர் நானா ஒருநாள் பேப்பரில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சைக்கிள் போனது.

"அங்க பாருங்கோ, எங்கட தெரிசுக்கோவா போறா" என்றார் நானா.

கடை சிரித்தது. சைக்கிள் ஒரு வேலியில் மோதி நின்றது. அது வழக்கமாக நிற்கும் முறை அதுதான். அம்மா அதை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னனீங்கள், நானா?"

"பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை."

"பகிடி பரவாயில்லை. பேர் பிழை. தெ-ர-ஷ்-கோ-வா. சொல்லுங்கோ."

நானா சொன்னார். கடையில் இருந்த எல்லோரும் சொன்னோம்.

"இன்னொண்டு. அது குடும்பப் பேர். இங்கிலீசில குடும்பப் பேரை மொட்டையாச் சொல்லக்கூடாது. முன்னால மிஸ் போடவேணும்."

அன்றிலிருந்து அவர் மிஸ் தெரஷ்கோவா. அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஊரில் ஒருவருக்கும் ஆள் விளங்காது.

நீளப் பெயர் எங்கள் வாயில் அதிக காலம் தங்கவில்லை. முன்பாதி தேய்ந்து 'கோவா' மட்டும் மிஞ்சியது. முட்டைக்கோசைத்தான் நாங்கள் கோவா என்போம். ஒருநாள் சந்தியில் ஒருவன் "கோவா, கோவா" என்று கூவினான். சைக்கிள் திரும்பியது. ஒரு மனிசியின் பெயரைப் பாதியில் வெட்டுவது எவ்வளவு மரியாதைக் குறைவு என்று அம்மா அவனுக்கு விளக்கினார். வவுனியாவிலிருந்து வந்த மரக்கறி வியாபாரி அவன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சாக்கைத் திறந்து காட்டினான். சாக்கு நிறையக் கோவா.

அம்மா சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல பெரிசாப் பாத்து ஒண்டு தாரும்."

கொழும்பிலிருந்து பார்வையிட வந்த டொக்டர், அம்மாவுக்கு முன்னால் ஊரே முழுசாக மிஸ் தெரஷ்கோவா என்பதைக் கேட்டுவிட்டு, எங்கள் நாட்டு வெய்யில் ஒத்துக்கொள்கிறதா என்று அவரிடம் சொல்லுக்குச் சொல் நிறுத்தி ஆறுதலான ஆங்கிலத்தில் விசாரித்தார். பழகிவிட்டது என்று அம்மாவும் அதே ஆறுதலான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். வெளியே வந்ததும் டொக்டர் என்னிடம், "ரஷ்யாவில எந்தப் பக்கம்?" என்றார்.

"சாவகச்சேரிப் பக்கம், ஐயா" என்றேன்.

பிறகு மாரி வந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் வான் என்றுதான் பெயர். வானுக்குக் கீழே இருந்த தெரு ஆறாகிவிட்டது. காலையில் மறுகரையில் நின்று நானாவின் மருமகன் கத்தினான். நானாவின் மகளுக்குப் பிள்ளைப்பேற்று நோவு, பிள்ளை கால்மாறிக் கிடக்கிறது. இந்தக் கரையில் நானா தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். ட்ரக்டர்காரன் தண்ணீரைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றான்.

மருத்துவிச்சி அம்மா கோயிலுக்கு ஆள் அனுப்பி, அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய கிடாரத்தை எடுப்பித்தார். நீந்தத் தெரிந்த இருவர் கயிற்றை மறுகரைக்குக் கொண்டுபோய் மருதமரத்தில் கட்டினார்கள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கிடாரத்துக்குள் குந்தினார்.

"பிள்ளை, யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார் நானா.

"அவ வானத்துக்குப் போனவ, நானா. நான் இந்த வானைத் தாண்டினாலே காணும்."

கயிற்றைப் பிடித்தபடி கிடாரத்தைத் தள்ளிப்போன நால்வரில் நானும் ஒருவன். நடுத்தண்ணீரில் அது ஒரு சுற்றுச் சுற்றியது. விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"தம்பி, எனக்கு நீந்தத் தெரியாது."

"முந்தியே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருந்தா ஏத்தியிருப்பியளோ?"

மறுகரையில் நாங்கள் ஈரத்தோடு வீட்டு முற்றத்தில் நின்றோம். உள்ளேயிருந்து முதலில் மருமகனுக்கு ஏச்சு விழுந்தது. பிறகு தாய்க்கு. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. மருமகன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னேரம் ஆகும்போது மூன்றாவது ஏச்சு கேட்டது. "இவ்வளவு நேரமும் அங்க என்னடி செய்தனீ?" அந்த 'டி'யிலிருந்துதான் பெண்பிள்ளை என்று தெரிந்துகொண்டோம்.

அடுத்த வருடம் அவருக்குப் பூநகரிக்கு மாற்றம் வந்தது. எனக்குக் கலியாணமாகி, மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, எங்கள் ஊருக்குப் படித்த புது மருத்துவிச்சி வந்திருந்தார். நல்லவர், ஒருவரையும் ஏசமாட்டார். நாங்கள் உடுப்பைக் கட்டிக்கொண்டு, எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாத பூநகரி பஸ்ஸுக்காகத் தெருவோரம் காத்திருந்தோம்.