கடவாப்பல் அம்மா கேட்ட துட்டி

தேனி மாவட்டத்தில் ஒருவர் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல் ஊரார் பல்வலியை எல்லாம் தீர்த்துவைத்த டாக்டர் ஒரே ஒருவர்தான். அவர் கடவாப்பல் அம்மா. உண்மையில் அவர் பல் டாக்டரே அல்ல. மனசு சரியில்லாதவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுச் சரிசெய்கிற கவுன்சிலர். அவருக்கு இந்தப் பெயர் வந்த கதையில் எங்கள் ஊர்ப்பக்கத்து யோக்கியதை மொத்தமும் அடங்கியிருக்கிறது.

தேனி கடைத்தெருவில் ஒரு மாடி. அங்கே அவருக்கு ஓர் அறை, எதிர் அறை ஒரு பல் டாக்டருடையது. இரண்டுக்கும் படிக்கட்டு ஒன்றுதான். கீழே டீக்கடை. மனசு சரியில்லை என்று ஒருவன் படியேறுவது தெரிந்தால் போதும், டீ ஆறுவதற்குள் அவனுக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டி, அவன் தங்கச்சிக்கு வந்த வரனையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அம்மாவைப் பார்க்க வருகிற எல்லோரும் முதல் படியிலேயே கன்னத்தைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். ஆண், பெண், வாத்தியார், வியாபாரி என்று வித்தியாசமில்லை. சின்னமனூரிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர் கன்னத்தைச் சுற்றித் துண்டே கட்டிக்கொண்டு வந்தார்.

நிஜமாகவே பல்வலியோடு வந்த ஒரு வாழைக்காய் வியாபாரி கதவு மாறி அம்மாவின் அறையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா, "என்ன செய்யுது?" என்று கேட்டார். அவர் வலியில் ஆரம்பித்து, ராத்திரி தூங்காததற்கு வந்து, பேசாமலிருக்கும் தம்பிக்குப் போய், ஒரு மணி நேரம் அழுதுவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமும் வந்தார். பல்லை எடுத்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான் அந்தப் படி ஏறியதற்குக் காரணம் என் அண்ணன். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் கம்பத்தில் பைப் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு மத்தியானம் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. அதற்குப் பிறகு நான் அழவுமில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. அண்ணன் போன வழியே நல்ல வழி என்று மனசுக்குள் ஒன்று பேச ஆரம்பித்தது. அதை ஒருநாள் வாய்தவறி மனைவியிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னைத் தனியே விடவில்லை. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தேங்காய் விலை பேசுவாள். பதில் வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

முதலில் மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். "மாத்திரை மட்டும் போதாது, யாரிடமாவது மனசுவிட்டுப் பேசவும் வேண்டும்" என்றார் அவர். பிடித்தது அடுத்த சனி. யாரிடம் பேசுவது?

மைத்துனன் செல்போனில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான். பட்டணத்துக்காரர், நல்ல மனிதர். திரையில் சிரித்த முகமாக வந்து, "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். எங்கள் பக்கம் மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கிறவனும் அதைத்தான் சொல்வான். அவர் அதை நம்பிவிட்டார்.

"உங்க ஃபீலிங்ஸுக்கு ஒண்ணிலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடுங்க பார்ப்போம்."

"பாஸ் மார்க் போட்டுக்கங்க சார்."

"குட். குடும்பத்துக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு எல்லை வேணும். அதை நீங்கதான் போடணும்."

"எங்களுக்குள்ள இன்னும் பாகப்பிரிவினையே ஆகலியே சார்."

அவர் வெகுநேரம் எதையோ எழுதினார். நான்கு தடவை பேசிப் பார்த்து, இருவரும் சண்டையில்லாமல் பிரிந்தோம்.

பிறகு வீட்டில் பஞ்சாயத்து கூடியது. சித்தப்பா ஆரம்பித்தார்: "நம்ம ஆளாப் பாரு. அப்பத்தான் நம்ம வீட்டு வெவகாரம் புரியும்." மாமனார் குறுக்கே விழுந்தார்: "நம்ம ஆளே வேணாம். இங்கன பேசுனது நாளைக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிறவ வரைக்கும் தெரிஞ்சு போகும்." இரண்டுமே உண்மை. கடைசியில், நம்ம பேச்சைப் பேச வேண்டும், ஆனால் நம்ம சொந்தக்காரர்களோடு பேசக் கூடாது என்று தீர்மானமாயிற்று. இந்த லட்சணத்துக்குப் பொருத்தமாகப் பெண் தேடுவதுகூடச் சுலபம். என் மனைவிதான் எங்கேயோ விசாரித்துக் கடவாப்பல் அம்மாவைக் கண்டுபிடித்தாள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற சர்ச்சுக் குடும்பம். எங்கள் சாதியுமில்லை, சாமியுமில்லை. சித்தப்பா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். டீக்கடையில் நின்ற தூரத்து மாமா ஒருவர், "என்ன மாப்ள, பல்லா? கிராம்ப வச்சுக் கடி" என்றார். மனைவி கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. எடுத்த எடுப்பில் என் அம்மா பிறந்த ஊர், மனைவி பிறந்த ஊர், அக்காவைக் கொடுத்த ஊர் எல்லாவற்றையும் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, ஒங்க சொந்தத்துல எனக்கு யாரையும் தெரியாது. இனிமே தாராளமாப் பேசுங்க. வெளிய எங்கனயாச்சும் பாத்தா நான் ஒங்களத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன். நீங்களும் வணக்கம் கிணக்கம் போட்டு வச்சிராதீக."

அதைச் சொன்னபடி செய்தார். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு நேரெதிர் இலையில் அவர். சாம்பாரிலிருந்து பாயசம் வரைக்கும் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். கை கழுவுகிற இடத்தில் மாமனார் என்னை ஓரங்கட்டி, "அந்தம்மாவுக்கும் ஒங்களுக்கும் என்ன மாப்ள பகை? நான் வேணாப் பேசி முடிச்சு விடவா?" என்று கேட்டார்.

அறைக்குள் அவர் வேறு ஆள். அதட்டுவார். "சாப்ட்டீகளா" என்று கேட்டால், "சாப்பிட்டேன்" என்கிற பதிலை ஏற்க மாட்டார். "என்ன கொழம்பு?" என்பார். குழம்பு சொல்லத் தெரியாவிட்டால் மாட்டினோம். "எப்பிடி இருக்கீக" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நல்லா இருக்கேன்னு பொய் சொல்லுவீக, அத நான் எதுக்குக் கேக்கணும்?" என்பார். உள்ளே பேசுகிற அந்தக் கெட்ட குரல் இந்த வாரம் வந்ததா என்பதை மட்டும், தலைவலி வந்ததா என்பதுபோல நேராகக் கேட்பார். வந்தது என்றால், யாரைக் கூப்பிட்டீர்கள், எங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று விடாமல் கேட்பார். வேறு யாரும் என்னிடம் அதை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்டால் நடந்துவிடும் என்று பயந்தார்கள்.

ஆனால் அண்ணனைப் பற்றி மட்டும் எனக்குப் பேச வரவில்லை. மழை, திராட்சையில் விழுந்த சாம்பல் நோய், கடையில் வேலைக்கு ஆள் கிடைக்காதது எல்லாம் பேசினேன். அண்ணன் பெயர் வரும் இடத்தில் பேச்சை மறுபடி மழைக்கே திருப்பிவிடுவேன். "சரி, அது அங்கன கெடக்கட்டும்" என்பார். மாதங்கள் போயின. கீழே பெஞ்சில் என் மனைவி இளைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று கேட்டார். "ஒங்க அண்ணன் துட்டிக்கு யாரு யாரு வந்தாக?"

துட்டி என்றால் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது. எங்கள் பக்கம் ஆண்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்போம். வருகிறவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டுவார். நாம் அந்தக் கைகளைத் தொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சு கிடையாது. பெண்கள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

"யாரும் வரல" என்றேன்.

அண்ணனைப் பெரியாஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்தார்கள். நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட சாவுக்குத் துட்டி கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் யாரோ சொன்னார்கள். தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. கெட்ட எண்ணத்தில் இல்லை, என்ன கேட்பதென்று தெரியாமல்தான். நான் வாசலில் பெஞ்சைப் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டேன். இதை அவரிடம் சொன்னபோதுதான், இதையே நான் யாரிடமும் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த அதட்டல்காரம்மா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் படிச்ச படிப்புல இதுக்கு எடமில்ல. வீட்டுக்கெல்லாம் போகக் கூடாது. இருந்தாலும் கேக்கேன். நான் துட்டிக்கு வரட்டுமா? நான் வந்தா நீங்க எங்கிட்ட வாறது ஊருக்குத் தெரிஞ்சு போகும், அதையும் யோசிச்சுக்கங்க. ஒங்க அண்ணிகிட்டயும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அண்ணியிடம் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "வரச் சொல்லுங்க. யாராச்சும் ஒருத்தர் வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து ஸ்கூட்டரில் வந்தார். தெருமுனையிலேயே இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகி, எங்கள் பெண்கள் வருவது போலவே அழுதுகொண்டே நடந்து வந்தார். வழக்கம் தெரிந்திருந்தது. ஒப்பாரிதான் தெரியவில்லை. எடுத்த ராகம் நாலு அடி நடப்பதற்குள் சர்ச்சுக் கீர்த்தனைக்குள் போய்விட்டது. இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். அது மறுபடியும் கீர்த்தனைக்கே ஓடியது. துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. உள்ளே போய் அண்ணியைக் கட்டிக்கொண்டு அதே ராகத்தில் உரக்க அழுதார்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முக்கால் வருஷமாக எங்கள் வாசல் மிதிக்காதவர், கதவைத் திறந்துகொண்டு விடுவிடுவென்று வந்தார்.

"யாரும்மா நீ? எழவு வீட்டுல இப்பிடியா அழுவாக, பள்ளிக்கூடத்துல பாட்டுப் படிக்கிற மாதிரி? தள்ளு அங்கிட்டு."

தள்ளிவிட்டு உட்கார்ந்து, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பந்தலிலே திராட்ச பழுத்துக் கெடக்குதய்யா,
பறிக்க வந்த கையி பாதியில போச்சுதய்யா..."

அண்ணி வாய்விட்டு அலறினார். அந்தச் சத்தத்தை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் வந்தார்கள். என் மனைவி ஓடிப்போய் அந்தப் பெஞ்சை வாசலில் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்தேன். பேச்சியம்மாவின் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். காய்ப்பேறிய கை. தொட்டதும் எனக்கு உடைந்துவிட்டது. அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லார் கையையும் வாங்கினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று சொன்னால் பொய். மாத்திரை இருக்கிறது. அந்தக் குரலும் எப்போதாவது வரும், வந்தால் யாரிடம் சொல்வதென்று தெரியும். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவி மாவு ஆட்டிக்கொண்டே, "இன்னிக்கு நீங்க மட்டும் போயிட்டு வந்துருங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் தேனிக்குத் தனியாக பஸ் ஏறினேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "வீட்டம்மா கீழ இருக்காகளா? வெயிலா இருக்கு, மேல வரச் சொல்லுங்க" என்றார்.

"அவ வரல. நான் தனியாத்தான் வந்தேன்."

எழுந்து போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ன குழம்பு என்று கேட்கவில்லை. "டீ சொல்லட்டுமா?" என்றார், குரல் கம்மியிருந்தது. டீ வந்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், மனுசி அழுது முடிக்கட்டும் என்று நான் என் டீயை மெதுவாகவே குடித்தேன்.