எலி டொக்டருக்கு ஒரு மேற்கோள்

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், காலை ஆறரை மணி. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குத் திரண்டிருந்த பெண்களின் முன்னிலையில், கூண்டிலிருந்த எலியிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதீங்க, ஒரு சொட்டு ரத்தந்தான்." இலங்கைத் தீவில் எலிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த விஞ்ஞானி வேறொருவர் இல்லை என்பதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

அவர்தான் எலி டொக்டர். பூண்டுலோயாவில் பிறந்து, கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி ஓடும் திறந்த வடிகாலான கானில் கழிவுநீர் தேங்குவதால் எலிக்காய்ச்சல் பரவுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து அணிவார். கோயில் வாசலில் அவர் அதைக் கழற்றி முடிப்பதற்குள் பூசை முடிந்துவிடும்.

நாள்தோறும் காலையில் கைப்பேசியுடன் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறுவார். தோட்டத்தில் அங்கு மட்டுமே சிக்னல் கிடைக்கும். தம் கட்டுரையை உலகில் எவரேனும் மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார். இரண்டு என்று காட்டும். அவற்றுள் ஒன்று அவரே காட்டியது.

ஒரு நாள் வாடிய முகத்துடன் இறங்கினார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் குரலாக இருக்கும் லெச்சுமி அக்கா விடவில்லை.

"என்னங்க டொக்டர், மூஞ்சி இப்படிச் செத்துப் போச்சு?"

"இந்த மாசத்துக்குள்ள இன்னும் யாராச்சும் எம்பேரச் சொல்லி எழுதலேன்னா, ஆய்வ மூடிட்டு வரச் சொல்றாங்க. மழைக்காலம் வரைக்குமாவது நான் இங்க இருக்கணும். இல்லாட்டி செஞ்சதெல்லாம் வீண்."

"பேரச் சொல்லணும், அம்புட்டுத்தானே? நாங்க இத்தன பேரு எதுக்கு இருக்கோம்?"

"சும்மா சொன்னாப் பத்தாதுங்க. எந்தப் பக்கத்துல இருக்குன்னும் சொல்லணும்."

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அதன் பிறகு தோட்டத்தில் ஆதாரமின்றி எவரும் வாய் திறக்கவில்லை. "பழைய ரொட்டி தின்னா வயித்த வலிக்கும். எலி டொக்டர், பக்கம் ரெண்டு." குடித்துவிட்டு வந்த கணவரை வாசலில் நிறுத்தி லெச்சுமி அக்கா தீர்ப்பு வழங்கினார்: "வெளியதான் படுக்கணும். எலி டொக்டர், பக்கம் ஒம்பது."

கட்டுரையில் மொத்தம் எட்டுப் பக்கங்களே இருந்தன.

எலி டொக்டர் துடித்துப்போனார். லயம் லயமாகச் சென்று, "ஒம்பதே கிடையாதுங்க!" என்று மன்றாடினார். பிறகு, பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்த என்னிடம் கட்டுரையைத் தமிழாக்கச் சொன்னார். இலக்கியம் படிக்கும் நான் மூன்று அகராதிகளோடு போராடி அதை முடித்தேன். லெச்சுமி அக்கா நான்காம் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு, தோட்ட நிர்வாகியான துரையைக் கண்ட இடமெல்லாம் ஒப்பித்தார்: பெரட்டில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், துரை நாயுடன் உலாவும் பாதையில்.

"கானுக்கு மூடி போட்டா காய்ச்சல் கொறையலாம். எலி டொக்டர், பக்கம் நாலு. கேட்டீங்களா தொரை?"

துரை ஒரு மாலையில் சரணடைந்தார். "ஐயோ போதும்! மூடி போடுறேன். இந்த நாயாவது நிம்மதியா நடக்கட்டும்."

மாதக் கடைசியில் எலி டொக்டர் தாங்கியின் மேல் நின்று கொழும்பு அதிகாரியிடம் பேசினார். கீழே தோட்டமே நின்றது. "தெனமும் மேற்கோள் காட்டுறாங்க சார், தொரை மூடியே போடுறாரு" என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அதிகாரிக்கு அது போதவில்லை. ஆராய்ச்சி எழுத்தில் இடம்பெற்றால்தான் கணக்கில் சேருமாம்.

"ஆய்வ மூடச் சொல்லிட்டாங்களா?" என்றார் லெச்சுமி அக்கா.

"சொல்லிட்டாங்க. ஆனா இப்பத்தானே கானுக்கு மூடி வருது? காய்ச்சல் கொறையுதான்னு பாக்காம எப்படிங்க போறது? சம்பளமில்லாத லீவு கேட்டுட்டேன். குடுக்காட்டியும் போக மாட்டேன்."

"அப்ப லயத்துக்கு ஒரு நேரம்னு எங்க வீட்டுலயே சாப்பிடுங்க. ஆனா எங்க ரொட்டிய எலிக்கு ஊட்டினீங்க, பாத்துக்குங்க!"

மறுநாள் காலை, மலையகத் தாலாட்டுகள் பற்றிய என் ஆய்வேட்டைத் திறந்தேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பாடும் ஒரு வரிக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டது. உண்மையைச் சொன்னால், தேவைப்படவில்லை. எலி டொக்டரின் இயற்பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அங்கே எழுதினேன்.