மூத்தவளுக்குப் பரிசோதனை

சுக்கான் பிடியைக் காணோம்.

மாலை நான்கு மணிக்குப் பரிசோதகர் வருகிறார். இப்போது காலை பத்து. படகின் பின்பக்கம், சுக்கானின் தலையில் கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய மரப்பிடி அது. அதைப் பிடித்துத்தான் படகைத் திருப்பவே முடியும். அது இருந்த இடத்தில் வெறும் துளைதான் இருந்தது.

"நேத்து காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி நானே துடைச்சு வச்சேன்! கால் முளைச்சு நடந்தா போயிருக்கும்?" மருமகள் படகுத்துறையே அதிரக் கத்தினாள்.

"கத்தாதே. அப்பா மனசு நோகும்" என்றான் கணவன்.

"உங்கப்பா மனசு நோகும்! என் முதுகு நோகுறது யார் கண்ணுக்காவது தெரியுதா?"

நியாயமான கேள்விதான். வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடையில் கால் கடுக்க நிற்கிறவள் அவள். மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூத்தவளுக்கு. மூத்தவள் என்பது மாமனாரின் பாய்மரப் படகு. மாமியாரைக் கட்டுவதற்கு முன்பே வாங்கியதால் அந்தப் பெயராம். இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். மாமியார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. லிஃப்ட் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வெள்ளைத் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிய நாளிலிருந்து எல்லோருக்கும் கேப்டன் ஆகிவிட்டார்.

மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மருமகள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்தது மருமகள். ஏழு கோட் வார்னிஷ் அடித்ததும் மருமகள். "என் படகு எப்படி மின்னுது பாத்தியா?" என்பது மட்டும் கேப்டன்.

அந்தத் தலைவலிக்கு இன்றோடு விடிவு வரும் என்று இருந்தாள். பழைய படகுகளையும் கடலையும் காக்கப் படகுக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு கண்ணைக் கடிதத்திலும் மறு கண்ணை டிவியிலும் வைத்துப் படித்த கணவன் விஷயத்தைச் சொன்னான்: மரமெல்லாம் அந்தக் காலத்து மரமாக இருக்க வேண்டும், கடலுக்கு ஒரு சொட்டுக் கேடும் கூடாது. "தேறிட்டா அருங்காட்சியகத்துக்கு லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க."

ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்! அந்த வார்த்தை காதில் விழுந்த நாள் முதல் மருமகள் பேய் மாதிரி உழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதற்குப் போய் இந்தப் பாடு.

"காணோம்னா காணோம், விட்டுத் தள்ளேன்" என்றாள் மாமியார். "தேறலைன்னா தலையா போயிடும்?"

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கத்துக்கே செயலாளர் இந்த அம்மாள்! ஒரு நாளாவது உப்புத்தாளைத் தொட்டிருந்தால் இந்தப் பேச்சு வருமா? போதாக்குறைக்கு மாமியார் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

"கண்ணுல தூசியா அத்தை? இந்தாங்க, சொட்டு மருந்து. ரெண்டு சொட்டு விட்டுக்கோங்க. நான் என் வேலையப் பாக்கறேன்."

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, துறையோரக் கொட்டகையில் கிடந்த கேப்டனின் சாய்வு நாற்காலி கண்ணில் பட்டது. மூத்தவளைக் கட்டி மிஞ்சின மரத்தில் அதே ஆசாரி செய்த நாற்காலி என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆக, அதுவும் அந்தக் காலத்து மரம்தானே! கேப்டன் குளிக்கப் போன நேரம் பார்த்து ரம்பத்தை எடுத்தாள். நாற்காலியின் வலது கை கழன்று வந்தது.

அதைச் சீவி, துளையில் பொருத்தி நிமிர்ந்தபோது கொட்டகைக்குள் தடால் என்று ஒரு சத்தம். குளித்து வந்த கேப்டன், இல்லாத கையில் சாய்ந்துவிட்டார்.

"எவன்டா என் நாற்காலிய வெட்டினது?"

"மூத்தவளுக்காக, மாமா. சுக்கான் பிடி இல்லாம நின்னா."

தரையில் கிடந்தபடியே கேப்டன் கண்கலங்கினார். "அவளுக்காகவா? அப்போ சரி. அவளுக்காக நான் விழுந்தா என்ன!"

இதைக் கேட்டு மாமியார் விட்ட பெருமூச்சில் பாய்மரமே ஆடியிருக்கும்.

அடுத்த சிக்கல், வெட்டின முனை பச்சை மரமாய் வெளுத்துத் தெரிந்தது. குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். மருமகள் ஒரு பானை நிறையத் தேயிலையைக் கொதிக்க வைத்து, கறுப்புச் சாயமாக இறக்கிக்கொண்டு வந்தாள். முனையில் பூசினால் பழசாகிவிடும். பூசவும் செய்தாள். அப்போது மாமியார் பின்னாலிருந்து வந்து முழங்கையில் இடித்தாள். மிச்சப் பானையும் மடித்து வைத்திருந்த படகின் வெள்ளைப் பருத்திப் பாய் மேல் கவிழ்ந்தது.

"ஐயையோ! அத்தை!"

"அடடா, கால் தடுக்கிடுச்சு" என்றாள் மாமியார். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. "பரவாயில்லை. இதோ, சோப்புத்தூள் கொண்டாந்திருக்கேன். படகுலயே வச்சுக் கழுவிடு."

மருமகள் வெடித்தாள்.

"சோப்புத்தூளா? மேடை ஏறினா ஆமைக்காக அழறீங்க, மீனுக்காக அழறீங்க! இங்க வந்து கடல்ல சோப்பு ஊத்தச் சொல்றீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா? பரிசோதகர் பாத்தா அப்பவே பூஜ்யம் போட்டுடுவார்!"

"அதுக்குத்தான்..." என்று மாமியார் ஆரம்பித்தாள். அதற்குள் கேப்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே வர, வாயை மூடிக்கொண்டாள்.

இந்தச் சண்டைக்கு நடுவே, அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை ஒரு டப்பா சோப்புத்தூளையும் பாயில் கொட்டித் தேய்த்துவிட்டிருந்தான். நுரை படகை விட்டு வழிந்து தண்ணீரில் இறங்கியது. 'கடல் நம் தாய்' என்று சங்கம் கட்டியிருந்த பலகையை நோக்கி, வெள்ளை வெளேரென்று அசைந்து அசைந்து போனது.

"உங்களை யார் தேய்க்கச் சொன்னது?"

"அம்மாதான் சொன்னாங்களே!"

"நான் சொல்லி ஒரு நாள் ஒரு வேலை செஞ்சிருக்கீங்களா?"

பதிலுக்கு நிற்க நேரமில்லை. மருமகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தாள். எப்படியும் பாழான பாய்தானே என்று அதையே வலை மாதிரி விரித்து, நுரையை ஒரு மூலையில் மடக்கி, வாளி வாளியாக அள்ளிக் கரையிலிருந்த கழிவறையில் ஊற்றினாள். நுரையோடு நாலு பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஒரு பொம்மையின் தலை எல்லாம் வந்தன. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தபோது, பாய் மேலெல்லாம் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்திருந்தது.

மணி ஒன்றரை. வெள்ளையாக்க வழியில்லை. முழுசையும் பழுப்பாக்க வழி உண்டு. மளிகைக்கடையில் இருந்த தேயிலை அத்தனையையும் வாங்கி, பெரிய இரும்புப் பீப்பாயில் கொதிக்க வைத்துப் பாயை முக்கி எடுத்தாள். மூன்றரைக்கு அது காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கை இரண்டும் முழங்கை வரை தேநீர் நிறம்.

நான்கு மணிக்குப் பரிசோதகர் வந்தார். பின்னாலேயே கிரேன் வைத்த பெரிய லாரி ஒன்றும் வந்து நின்றது. மருமகளுக்கு அந்த லாரியைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

பரிசோதகர் பிடியைத் தட்டினார். முகர்ந்தார். "அதே மரம்! அதே ஆசாரியோட கைவேலை!"

பாயைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அந்தக் காலத்துல பாய்க்கு மரப்பட்டைச் சாயம் ஏத்துவாங்க. இப்போ யாருங்க மெனக்கெடறா? இதுதான் பாய்!"

கடைசியாகத் தண்ணீரைப் பார்த்தார். கரையில் குவித்திருந்த பாட்டில்களைப் பார்த்தார். "படகு மட்டும் இல்லை, கடலையும் சுத்தம் பண்ணியிருக்கீங்க! நூத்துக்கு நூறு!"

கேப்டன் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். கணவன் கைதட்டினான். மாமியார் மட்டும் கவிழ்த்த வாளி மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள் மருமகள். பொறாமைப்பட்டுவிட்டுப் போகட்டும்! இனி ஞாயிற்றுக்கிழமை அவளுடையது.

அப்போது லாரி புறப்படும் சத்தம் கேட்டது. வெறும் லாரி!

"நில்லுங்க, நில்லுங்க!" ஈரப் புடவையோடு ஓடிப் போய் டிரைவரை மறித்தாள். "படகை ஏத்தாம எங்க போறீங்க?"

"எதுக்கும்மா ஏத்தணும்? தண்ணியில ஓடத் தேறாத படகைத்தான் அருங்காட்சியகத்துக்கு ஏத்துவோம். தேறுன படகை வீட்டுக்காரங்களே வச்சுப் பாத்துக்கணும். பத்து வருஷத்துக்கு ஞாயித்துக்கிழமை தவறாம ஓட்டணும். கடுதாசியிலேயே போட்டிருக்குமே!"

மருமகள் மெல்லத் திரும்பி, வாளி மேல் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு மரத்துண்டை எடுத்து நீட்டினார்: "இந்தாங்கம்மா, உங்க சுக்கான் பிடி, நேத்து சாயந்திரம் உங்க மாமியார்தான் கொண்டாந்து குடுத்து, 'இது இல்லைன்னா கண்டிப்பா தேறாது தம்பி, எனக்கும் என் மருமகளுக்கும் இனிமேலாவது ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்கும்'னாங்க."