பிரம்பனனைத் தாண்டிய வண்டி

பிரம்பனன் கோயில் வாசலைக் கண்டும் காணாதவர் போல சப்தோனோ வண்டியை விரட்டினார்.

"அண்ணே, கோயில் போயிடுச்சு," என்றாள் பின்னால் இருந்த வெனிங்.

"எஞ்சின் சூடாயிருக்கும்மா. நிறுத்தினா மறுபடி கிளம்பாது."

"நம்ம கூட வந்த வண்டி உள்ளே திரும்புதே," என்றான் பக்கத்தில் இருந்த கிலாங்.

"அது புது எஞ்சின் தம்பி."

பாவம், அவர் என்ன செய்வார். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் பிரம்பனனுக்குள் கால் வைத்தால் அந்த ஜோடி பிரிந்துவிடும் என்பது ஜாவாவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கிளம்பும் முன்பே முதலாளி ஹர்துதி அம்மா அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு வண்டி, ஒரே கூட்டம். கல்யாணம் ஆகப்போற ஜோடி உன் வண்டியில. அந்தக் கோயில் பக்கம் விடாதே. காரணத்தை அவங்க காதுல போடாதே, அபசகுனம். நான் பேசி முடிச்ச சம்பந்தம் இது. நின்னுபோச்சுன்னா வண்டிச் சாவியைக் குடுத்துட்டு நீ வீட்லயே இருக்கலாம்."

வண்டியில் ஏறியது ஒரு பெண், ஒரு பையன், காவலுக்கு சுமி அம்மாள். அந்த அம்மாள் கடைசி சீட்டில் சால்வையால் முகத்தை மூடி அப்போதே தூங்கிவிட்டார். 'நீங்கதானா அந்த ஜோடி' என்று நேராகக் கேட்பதா? மரியாதை தெரிந்த ஜாவாக்காரன் கேட்பானா?

பிரம்பனனுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த பிளாவோசான் கோயிலில் இறக்கினார். அங்கே போனால் ஜோடி சேரும் என்பார்கள்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, போட்டோ எடுக்கிறேன்."

"இவன் கூடவா?" என்றாள் வெனிங்.

"குளிச்சு எத்தனை நாளாச்சோ," என்று கிலாங் ஓரடி தள்ளி நின்றான்.

சப்தோனோ பிரம்பனன் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். கோபுரத்தைத் தூரத்தில் பார்த்ததற்கே பிரிவா?

ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. பொரித்த சோயாத் தெம்பேயின் கடைசித் துண்டுக்குச் சண்டை. புரோமோ எரிமலை அடிவாரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் தலை இரண்டாகிவிட்டது. ஒன்றாக உட்கார வைத்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்து, சாம்பல் மணலைக் கடக்க இருவருக்கும் சேர்த்து ஒரே குதிரை பேசினார்.

"ரெண்டு பேரைத் தாங்காதுங்க," என்றான் குதிரைக்காரன்.

"இவங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்யா."

குதிரை அப்படி நினைக்கவில்லை. பாதி வழியில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டது. தலை முதல் கால் வரை சாம்பலோடு எழுந்த இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே மலையேறினார்கள்.

எரிமலையின் வாய்க்குள் ஜனங்கள் வேண்டிக்கொண்டு பூச்செண்டு எறிவார்கள். சப்தோனோ ஒன்றை வாங்கி கிலாங் கையில் திணித்தார்.

"உள்ளே போடாதீங்க தம்பி. அவங்களுக்குக் குடுங்க. மனசு இளகும்."

கிலாங் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் கொடுத்தான்.

வெனிங் பூவையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "என்னோட எதை உடைச்சே? போனையா?" என்று கேட்டுவிட்டுச் செண்டைப் புகைக்குள் வீசினாள்.

மிச்சமிருந்தது இஜென் எரிமலை ஒன்றுதான். சுமி அம்மாளைக் கீழே டீக்கடையில் உட்கார்த்தி வைத்து, இருவரையும் தனியாக மேலே அனுப்பினார். தனிமையில் பேசிச் சமாதானமாகட்டும் என்ற எண்ணம். கந்தகப் புகையில் கண் கலங்கி, மூக்கு ஒழுகி, ஆளுக்கொரு பக்கமாக இறங்கி வந்தார்கள்.

"இனிமே இவன் இருக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன்," என்றாள் வெனிங்.

சாவி கையை விட்டுப் போவது சப்தோனோவின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அபசகுனமாவது ஒன்றாவது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"பிரிஞ்சிடாதீங்கம்மா. நீங்க சேர்ந்து வாழணும்னுதான் பிரம்பனன் பக்கமே உங்களை விடலை. எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லை. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

வெனிங்கின் வாய் திறந்தபடி நின்றது. கிலாங்குக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சுமி அம்மாள் டீக் குவளையைக் கீழே வைத்தார். "ஐயோ தம்பி, இதுங்க ரெண்டும் எங்க அக்கா பெத்த அண்ணன் தங்கச்சி. மாப்பிள்ளைக்கு முன் சீட் வேணும்னு கிளம்பும்போதே ஜோடியை இன்னொரு வண்டிக்கு மாத்திட்டோம். அவங்க பிரம்பனன்ல ஒரு கல்லு விடாம கைகோத்துப் போட்டோ எடுத்தாங்க. அதான் காலையில அந்தக் கல்யாணப் பொண்ணு தனியா ரயிலேறிப் போயிட்டாளா?"