பின்னிருக்கை மீட்ட படலம்

வாழ்க! கல்லடி ஈன்ற கரியெண்ணெய்க் காளை, குறடு தாங்கிய கோமகன், திருகாணி திருகும் திருக்கரத்தான், கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராய் வீற்றிருந்து தூசி படிந்த கோப்புகளுக்குக் காவலிருக்கும் குலக்கொழுந்து வினாயகமூர்த்தி வாழ்க! மட்டுநகர் வாவியே, சாட்சி சொல்ல வா; உன் பாடும் மீன்களையும் கூட்டிக்கொண்டு வா. நாடெல்லாம் போர் நடந்த தொண்ணூறுகளில், அது போதாதென்று தன் வீட்டு மாமரத்தடியில் இன்னொரு போரைத் தொடங்கிய இப்பெருமகனின் புகழை நான் பாடப்போகிறேன். வேலை உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

போருக்குக் காரணம் மண்ணுமல்ல, பொன்னுமல்ல, ஓர் இருக்கை. வினாயகமூர்த்தியிடம் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. தான் பிறந்த ஆண்டைத் தானே மறந்துவிட்ட முதுபெரும் ஊர்தி அது. பெற்றோல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் கலந்து குடித்துக் குடித்துக் குரல் கெட்ட ஊர்தி. அதன் பின்னிருக்கையில், பூமிதேவியின் கனமும் பூமிதேவியின் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த இல்லக்கிழத்தி அன்னப்பூரணி பட்டுச்சேலை சரசரக்க ஏறியமர, இருவரும் ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கல்லடிப் பாலமோ, இந்தப் பக்கத்து வாகனம் போனால் அந்தப் பக்கத்து வாகனம் காத்து நிற்கவேண்டிய ஒடுங்கிய இரும்புப் பாலம். அதன் வாயிலில் உள்ள, மேடென்று சொன்னால் மேடே வெட்கப்படும் அந்த மேட்டில், ஸ்கூட்டர் இருமி, விக்கி, உயிரை விட்டது. பின்னால் லொறி அலற, எதிர்க்கரையில் பஸ் அலற, வாவியின் இருமருங்கும் சனம் திரண்டு பார்க்க, அன்னப்பூரணி பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளினாள். கலியாண வீட்டில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வீடு திரும்பியதும் அவள் வாசலில் நின்று, அயலெல்லாம் கேட்கப் பிரகடனம் செய்தாள்:

“இஞ்சேருங்க, நல்லாக் கேளுங்க! இனி இந்தச் சாமானை நான் தள்ளவும் மாட்டன், இதில ஏறவும் மாட்டன். எங்க போறதெண்டாலும் என்ட அண்ணன்ட சைக்கிள்லதான் போவன்!”

சொன்னபடியே செய்தாள். வட்டையில் வயல் செய்யும் அவள் அண்ணன் கந்தப்போடியின் சைக்கிள், நெல்மூட்டை சுமந்து சுமந்து நெஞ்சுரம் பெற்றது. அன்று முதல் சந்தைக்கும் கோயிலுக்கும் அன்னப்பூரணி அதன் பின்கரியரில் எழுந்தருளினாள், கந்தப்போடி மிதித்தார், வினாயகமூர்த்தியின் படலை வாசலைத் தாண்டும்போது மட்டும், வழியில் ஆடு மாடு எதுவும் இல்லாதபோதும், மணியடித்தார். கட்டின பெண்சாதி இன்னொருவன் வாகனத்தில் போவதைப் பார்க்கும் ஆண்மகனுக்கு வயிறு எப்படி எரியும்! அந்த இன்னொருவன் அவளுடைய சொந்த அண்ணன் என்றால், வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

எரிந்த வயிற்றோடு எழுந்தான் ஏந்தல். மாமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, சம்மட்டியைச் செங்கோல்போல் உயர்த்திச் சூளுரைத்தான்:

“அன்னம்! சித்தாண்டித் திருவிழாவுக்கு உன்னைப் பின்னுக்கு வச்சு, கல்லடிப் பாலத்தை ஒரே மூச்சில தாண்டுவன். தாண்டாட்டி இந்த மீசையை வழிச்சுப் போடுவன்!”

மீசை என்று அவர் எதைச் சொன்னார் என்பது அன்னப்பூரணிக்கு விளங்கவில்லை.

கச்சேரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீரர் களமிறங்கினார். எஞ்சின் தலை கழன்றது. அந்தத் தலையின் அடியைத் தேய்த்து மெலிவித்தால் உள்ளே அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்பது வித்தை. தேய்க்கச் சமதளம் வேண்டுமே என்று தேடியவர் கண்ணில் அன்னப்பூரணியின் அலுமாரிக் கண்ணாடி பட்டது. கண்ணாடி கழன்று முற்றத்துக்கு வந்தது. அதன்மேல் எமரித்தாள் விரித்து, பொழுதெல்லாம் தேய்த்தார். குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை நீராட்டினார். புகை வெளியேறும் வாசலை அரத்தால் அராவி அகலமாக்கினார். சைலென்சரின் குடலை உருவி வேலிக்கு வெளியே எறிந்தார். ஊர்தி நின்றாலும் எஞ்சின் அணையாமல் சுழலுவதற்கென்றே பிறந்த பாரச்சில்லைப் பார்த்து, “இந்தத் தடியன் என்னத்துக்கு?” என்று கர்ஜித்து, துளைமேல் துளையிட்டு அதை எலும்பும் தோலுமாக்கினார். அன்னப்பூரணி அந்தக் கிழமை முழுவதும் பொட்டைத் தடவித் தடவித்தான் வைத்தாள்.

உயிர்த்தெழுந்தது ஊர்தி! உதைத்துக் கிளப்பப் போன வினாயகமூர்த்தியைக் கிளப்பும் கம்பியே திருப்பி உதைத்தது, கணுக்கால் பூசணிக்காயானது, கம்பியின் பல்லும் உடைந்து கொட்டியது. அதனாலென்ன? பக்கத்து வீட்டார் பிடித்துத் தள்ள, பேரிடி முழங்க, கரும்புகை கவிய, ஒழுங்கை முழுவதும் அதிர ஓடியது ஸ்கூட்டர். அயலார் கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இருந்த பழக்கம் அது. ஓடினால் புயல். ஆனால் நின்றால் அணைந்துவிடும். அணைந்தால் யாராவது தள்ளினால்தான் எழும்பும். இதை ஒருவர் மெல்லச் சுட்டிக்காட்டியபோது, ஓடப் பிறந்ததை எவன் நிப்பாட்டுவான் என்று வீரர் சிரித்தார்.

திருவிழாவும் வந்தது. அன்னப்பூரணி நெடுநேரம் யோசித்தாள். வீங்கிய காலையும், கரி ஏறிய முகத்தையும், காயத்துக்குச் சுற்றிய சீலைத்துண்டையும் பார்த்து மனம் இளகி, “இந்த ஒருதரம்தான், ஓம்” என்று ஏறியமர்ந்தாள். அயலார் தள்ள, ஆர்ப்பரித்துப் புறப்பட்டது தேர். அந்தோ, மேடே, எங்கே உன் செருக்கு? பாலமே, எங்கே உன் பழைய ஏளனம்? முன்சில் சற்றே மேலெழ, இரும்புச் சட்டங்கள் கிடுகிடுக்க, பாடும் மீன்கள் பாட்டை விட்டு ஆழத்தில் பதுங்க, ஒரே மூச்சில் பாலம் கடந்தான் பெருமகன்! அன்னப்பூரணி தன்னை மறந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலியாணமான நாளுக்குப் பிறகு வினாயகமூர்த்திக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

பாலத்தின் அந்தத் தலைப்பில், அவர் மாமரத்தடியில் தவமிருந்த கிழமையில், புதிதாக ஒரு சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி, முளைத்திருந்தது. ஊருக்கே தெரியும். அயலார் அவருக்குச் சொல்லவும் செய்தார்கள். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்கு நிமிர்ந்தது. வீரர் நின்றார், எஞ்சின் அணைந்தது.

“இறங்கு. ஐடெண்டி காட்டு. தள்ளிக்கொண்டு போ,” என்றான் ஆமிக்காரன், தனக்குத் தெரிந்த தமிழில்.

அட்டை காட்டி, வழிமறித்து வைத்திருந்த பீப்பாய்களைச் சுற்றி ஸ்கூட்டரை உருட்டி, சென்றிக்கு அப்பால் வந்து சேர்ந்தார்கள். வினாயகமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். சென்றி அருகே நின்று பிறருக்கு உதவ யாருக்குத் துணிவு வரும்? வந்தவர்களெல்லாம் குனிந்த தலையோடு கடந்து போனார்கள். அன்னப்பூரணி கணவனைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். தள்ளினாள். ஐயோ, என்ன வேகம், என்ன முழக்கம்! வில்விட்ட கணையெனப் பாய்ந்தது ஸ்கூட்டர், பின்னிருக்கை வெறுமையாக.

“ஓடி வா அன்னம்! பாஞ்சு ஏறு!” என்று புகைக்குள்ளிருந்து எழுந்தது வீரமுழக்கம்.

“நீங்க நில்லுங்க!”

“நிண்டா அணைஞ்சிரும்!”

புகை அடங்கியபோது தெருவில் அவள் மட்டும் நின்றாள். சற்று நேரத்தில், தானும் திருவிழாவுக்குப் புறப்பட்டு, சென்றியைக் கடந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார் கந்தப்போடி. பாவம், மனிதர் சிரிக்கவில்லை, மணிகூட அடிக்கவில்லை. “ஏறு தங்கச்சி,” என்றார்.

சித்தாண்டி வரைக்கும் சென்றிகள் எத்தனை என்று ஆமிக்காரருக்கே தெரியாத அந்நாளில், அடுத்த சென்றிக்கு அப்பால், வெற்றித்திருமகள் கைவிட்டாலும் வீறு கைவிடாத வினாயகமூர்த்தி, உயிர்நீத்த ஊர்தியின் கைப்பிடியை இறுகப் பற்றி, வீங்கிய காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, வரும் சைக்கிளை நோக்கிய விழியோடு வெயிலில் நின்றுகொண்டிருக்க, அவர் முன்னால் சைக்கிள் வந்து நின்றது. அன்னப்பூரணி இறங்கி, ஸ்கூட்டரைத் தள்ளிக் கிளப்பிவிட்டு, மறுபடி சைக்கிளில் ஏறினாள்.