இழுப்பு அண்ணாச்சியும் டைனோவும்

மாமியாரின் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்கென்றே ஒரு காரை மாற்றி அமைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் தூத்துக்குடி இழுப்பு அண்ணாச்சிதான். வேறு ஊர்க்காரர்கள் யாராவது இதற்கு உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள்.

திரேஸ்புரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் கடை. போர்டு கிடையாது. ஸ்பானர் கிடையாது. அவர் கையில் கிரீஸ் படிந்து நான் பார்த்ததே இல்லை. இருப்பதெல்லாம் ஒரு லேப்டாப், அதிலிருந்து தொங்கும் ஒரு வயர். இப்போது வரும் கார்களுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா, எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று அளந்து கொடுப்பது? அண்ணாச்சி அதில் வயரைச் செருகி, அந்தக் கணக்கை மாற்றி எழுதிவிடுவார். வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். கடைக்குள் யார் நுழைந்தாலும் "இழுப்பு எப்படி?" என்றுதான் கேட்பார். வண்டியின் வேகத்தைக் கேட்கிறாராம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் அவரிடம் போய் மாட்டியதற்குக் காரணம் ஒரு டிராக்டர். குற்றாலம் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு பாலத்து ஏற்றத்தில் என் டீசல் கார் மூச்சு வாங்கியது. பின்னால் வந்த டிராக்டர் நிதானமாக எங்களை முந்தியது. அதை ஓட்டியவர் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். என் மனைவி ஜெயக்கனி வீடு வரும்வரை என்னிடம் பேசவில்லை.

கோயம்புத்தூர் நண்பன் ஒருவனிடம் போனில் புலம்பினேன். "பேசாம இங்க கொண்டாந்து டைனோவுல ஏத்திரு" என்றான். டைனோ என்பது தரையில் பதித்த உருளைகள். அதன் மேல் காரை நிறுத்திக் கட்டிவிட்டு மிதித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எஞ்சினின் பலம் எவ்வளவு என்று திரையில் கோடு கோடாக வரும். அதைப் பார்த்துச் சரி செய்வார்கள். எனக்கு இது நாகரிகமாகப் பட்டது. இதை அண்ணாச்சியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

கடலோரத்தில் பெஞ்சுக்கு வாங்கு என்று பெயர். அவர் வாங்கிலிருந்து துள்ளி எழுந்ததில் அது குடை சாய்ந்தது.

"டைனோவா? நின்ன இடத்துல ஓடுத வண்டி எங்க அண்ணாச்சி போய்ச் சேரும்?"

(நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்கு அண்ணாச்சி. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் குழப்பம் வராது.)

"இல்ல அண்ணாச்சி, கிராஃப் எல்லாம் வருமாம்."

"கிராஃப் வரும். எருமை வருமா? உப்பு லாரி வருமா? உங்க மாமியார் வருவாகளா?"

என் மாமியார் எதற்கு வரவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் அவருடைய சித்தாந்தம் தெரிந்தது. ரோட்டில் ஓடப்போகும் வண்டியை ரோட்டில் வைத்துத்தான் ட்யூன் செய்யவேண்டும். அதுவும் காலி வண்டியாக அல்ல. தினப்படி யார் ஏறுவார்களோ அவர்களை ஏற்றி, என்ன சுமை இருக்குமோ அதை வைத்து, ஏசியைப் போட்டு ஓட்டவேண்டும். சொந்தக்காரர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு அண்ணாச்சி இருப்பார். "மிதிங்க, மிதிங்க, பிடிங்க, விடுங்க" என்று கத்தியபடியே கணக்கை மாற்றுவார்.

ஒரு டாக்டர் தன் புதுக் காரோடு வந்தார். வாராவாரம் மாமியாரைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். "அப்ப அவுகளக் கூட்டியாங்க" என்றுவிட்டார் அண்ணாச்சி. அந்த அம்மாள் பட்டுச்சேலை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு ஏறினார். வண்டி போனது தெரிந்த உப்பளக்காரர் ஒருவரின் அளத்துக்குள் இருக்கும் ஆளில்லாத மண்பாதைக்கு. அங்கே முன்னும் பின்னும், முன்னும் பின்னும். "மாப்ள, கோயிலு எங்க?" என்று அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். கடைசியில் அண்ணாச்சி இரண்டு கணக்குகள் எழுதினார். அந்தத் தொழிலில் கணக்குக்கு மேப் என்று பெயர். ஒன்றுக்குப் பெயர் 'தனியாள் மேப்', இன்னொன்றுக்கு 'மாமியார் மேப்'. கூட வந்திருந்த டாக்டரின் மனைவி தற்செயலாக லேப்டாப் திரையைப் பார்த்துவிட்டார். 'மாமியார் ஏறினால் புகை அதிகம்' என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டார் என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவேன் என்று சொன்ன ஒரு பேங்க் மேனேஜரின் நிலைமை இன்னும் மோசம். மீன் வழியும் ஐஸ் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கித்தான் அவர் வண்டி ட்யூன் ஆனது. இழுப்பு பிரமாதம். ஆனால் அதற்குப் பிறகு தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் அந்தக் காரைச் சுற்றியே குடித்தனம் நடத்தின.

இதையெல்லாம் கேட்டு நடுங்கியபடிதான் நான் ஒரு ஓட்டத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஜெயக்கனியையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு அளத்துப் பாதையில் ஓட்டினேன். முடிந்ததும் அண்ணாச்சி லேப்டாப்பை மூடினார்.

"கம்ப்யூட்டர் புதுக் கணக்கைப் படிக்கட்டும் மதினி. ரெண்டு நாள்ல இழுப்பு வந்துரும். வந்ததும் எனக்கு ஒரு போனைப் போடுங்க" என்று ஜெயக்கனியிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் மனசு டைனோ பக்கம்தான் சாய்ந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. எங்கள் வீட்டில் அதற்கும் இழுப்பு என்றுதான் பெயர். இது அண்ணாச்சிக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் மத்தியானம் பரணில் ஏறிப் பழைய சாமான்களை இறக்கினேன். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இன்ஹேலரை எடுத்து அழுத்தினால் வெறும் காற்று, மருந்து தீர்ந்திருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள் ஜெயக்கனி. ஆனால் காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை. அடுத்த தெருவில் குடியிருக்கும், காரே உலகமென்று வாழும் மனிதருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

"அண்ணாச்சி, இழுப்பு வந்துட்டு!"

"வந்துட்டா? நான்தான் சொன்னம்லா மதினி!"

"பயங்கரமா இழுக்கு அண்ணாச்சி!"

"சபாஷ்! எப்ப இருந்து?"

"பரண்ல ஏறி இறங்குனதுல இருந்து!"

பரண் போனில் கரைந்துபோனதோ என்னவோ, அவர் காதில் ஏறி இறங்கியது மட்டும்தான் விழுந்தது. "ஏத்தத்துலயே இழுக்கா? அப்ப எறக்கத்துல பறக்கும். சத்தம் எப்படி?"

"விசிலடிக்க மாதிரி வருது!"

"அது எஞ்சினுக்குக் காத்தடிக்குத டர்போ மதினி. அந்தச் சத்தம் வந்தா நல்லது. பயப்படாதீய."

"கண்ணு செருகுது அண்ணாச்சி!"

"கண்ணா? ஹெட்லைட்டா?"

"எங்க வீட்டுக்காரருக்குய்யா! மூச்சு விட முடியாமக் கெடக்காக!"

அந்தப் பக்கம் இருந்து "மாதாவே!" என்று ஒரு அலறல். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சில்லை. செத்துவிடுவேன் என்று அப்போது நிஜமாகவே பயந்தேன்.

செருப்பில்லாமல் ஓடிவந்தார் மனிதர். கழுத்தில் லேப்டாப் பை. ஜெயக்கனி என்னைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டுச் சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"அங்கன இல்ல அண்ணாச்சி, இங்கன வந்து உக்காருங்க!"

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மதினி... எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளில் இதற்குத்தான் முதலிடம். ஊரில் பாதிக் கார்களின் எஞ்சினுக்குத் தலையெழுத்தே எழுதிய மனிதர், இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எல்லா ஓட்டத்திலும் அவர் பக்கத்து சீட்டில்தானே இருந்தார், யாருக்குச் சந்தேகம் வரும்?

ஜெயக்கனி லைசென்ஸ் வைத்திருந்தாள். ஆனால் அது பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை. அவள் அழுதுகொண்டே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். எல்லோரையும் "மிதி, மிதி" என்று விரட்டும் அந்தக் குரல் அன்று வேறாக இருந்தது.

"பைய மதினி, பைய. கிளச்சை பைய விடுங்க. ஆங், போகுதுல்லா. நீங்க ரோட்டைப் பாருங்க, அண்ணாச்சிய நான் பாத்துக்கிடுதேன்."

சந்தியில் ஒரு உப்பு லாரி குறுக்கே நின்றது. அண்ணாச்சி இறங்கி, லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே, வழிய விடுங்கலே! ஆளுக்கு மூச்சு முட்டுது!" என்று வண்டிக்கு முன்னால் ஓடினார். லாரி, ஆட்டோ, மீன்கூடைக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவரும் என்னைப் போலவே மூச்சிரைத்துக்கொண்டு நின்றார். யாரை முதலில் படுக்கவைப்பது என்று நர்ஸ் குழம்பிப்போனாள்.

பிழைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, நீங்க டைனோவுக்கே போங்க."

என் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று பார்த்தேன்.

"மிச்ச ஓட்டத்துக்குப் புழுதியில உங்கள வச்சு ஓட்ட எனக்குத் தைரியம் இல்ல. லேப்டாப்பைப் பாப்பேனா, உங்க நெஞ்சைப் பாப்பேனா?" என்றார். மேசையில் இருந்த என் இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்.

அதற்குள் கை நன்றாகப் பழகிவிட்டதால் கோயம்புத்தூருக்கு ஜெயக்கனிதான் ஓட்டினாள். அண்ணாச்சியும் வந்தார். டைனோ நடத்துபவர் ஒரு பெண் இன்ஜினியர். வண்டியை உருளைமேல் கட்டி முடுக்கியதும் அண்ணாச்சி என்னைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இழுத்து உட்காரவைத்தார். புகை வராமல் கதவிடுக்கில் தன் துண்டை அடைத்தார்.

"அண்ணா, கிராஃப் வருதுங்க, வந்து பாருங்க" என்று இன்ஜினியர் கூப்பிட்டார். ஆயுள் முழுக்க டைனோவோடு சண்டை போட்ட மனிதர், அது எதிரில் உறுமிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முன்னால் குத்தவைத்து, என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் பலம் எவ்வளவு கூடியது என்று பலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்தத் திரையை நானும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.