பழையவெர்ஷன்காரர்

பழையவெர்ஷன்காரர் என்றொரு இனம் உண்டு. பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். புதுசு வந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்து மாற்றிவிட்டு, மறு நிமிடமே "பழைய வெர்ஷன்ல இப்படி இல்ல" என்று மூக்கால் அழுகிறவர்தான் அவர்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கீபோர்டு வாசிக்கக் கற்றுத்தரும் வாத்தியார். மாமனாரின் நினைவுக் கூட்டத்துக்கு முதல் நாள். சின்ன வயதில் அப்பா தன்னைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டை அவருடைய பாட்டுக் குழுவோடு பாட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. பாட்டுக்கு நோட்ஸ் எழுதினால் வாசித்தும் காட்டும் மென்பொருள் கணினியில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் போல, அன்று காலைதான் அதைப் புதுப்பித்தார். என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்ல ஒரு பெட்டி திறந்தது. படிப்பாரா? அதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு!

பாட்டின் தலையில் 'மிக மெதுவாக' என்று எழுதி ஓடவிட்டார். தாலாட்டு, நாய் துரத்தியதுபோல் ஓடியது.

"என்னங்க இது? அப்பா பாட்டா, பஸ் பிடிக்கிற பாட்டா?"

"மெதுவாகன்னு எழுதியிருக்கேனே, தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே!"

எழுத்தைத் தடிமனாக்கினார். ஓடியது. பெரிதாக்கினார். சிவப்பாக்கி, இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டார். செவிடன் காதிலும் அதே சங்குதான். மைத்துனன் எட்டிப் பார்த்தான். "அத்தான், இப்பல்லாம் வேகக்குறிக்குன்னு தனி இடம் இருக்காம். அங்க போய்ப் போட்டாத்தான் வேகம் மாறுமாம். சும்மா எழுதினா அது வெறும் எழுத்துதானாம்."

"உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே நோட்ஸ் எழுதினவன்டா நான். பழைய வெர்ஷன்ல எழுதினாலே புரிஞ்சுக்கும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதே பாட்டைப் பதிவு செய்து குழுவினர் எல்லாருக்கும் அனுப்பினார், கூடவே ஒரு குறிப்பும்: 'வேகம் சற்று அதிகமாக இருக்கும். மெதுவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பழகவும்.'

மறுநாள் கூட்டம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று, ஒலிபெருக்கியில் கணினி வாசிக்க, குழு மூச்சிரைக்க அதன் பின்னால் ஓடியது. முன்வரிசையில் ஒரு பெரியவரின் கால் தாளம்கூடப் போட ஆரம்பித்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்கென்று அவள் கேட்டது இந்த ஒரு பாட்டைத்தானே! சட்டென்று போய் ஒயரைப் பிடுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, அப்பா பாடியபடியே, அவ்வளவு மெதுவாகத் தனியாகப் பாடினாள். அடுத்த வரியில் குழுவும் சேர்ந்துகொண்டது. கூடமே கண்ணைத் துடைத்தது.

நம்மவர்? பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தட்டினார்.

"கேட்டீங்களா? நான் எழுதின வேகம் இதான்!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் கைபேசி ஏதோ சொல்ல வந்தபோது, படிக்காமலே 'சரி' என்று அமுக்கியது யார்? கைபேசி போகட்டும். வீட்டில் யாராவது சொல்ல வந்தபோது?